புல்லுக்குப் போட்ட சாயம்

புல்லுக்குச் சாயம் போட்ட குடும்பம் திருப்பூர் வட்டாரத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. மறைக்க நினைத்தாலும் முடியாது, பார்த்தவர்கள் நிறையப் பேர்.

அருள்புரத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் பனியன் கம்பெனி இருந்தது. ஆர்டர் கொடுக்கும் ஏஜெண்டுகள் வந்துபோகிற இடம் லட்சணமாக இருக்கட்டும் என்று அப்பா வீட்டு முன்னால் புல்தரை போட்டார். அதற்கு உரமாகக் குண்டடத்தில் இருக்கும் பெரியப்பாவின் தோட்டத்திலிருந்து ஒரு டெம்போ நிறையச் சாணி வந்து இறங்கியது. "எங்க தோட்டத்துச் சாணியாக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமன், வேலை பார்த்த சாயப்பட்டறையை அந்த வருஷம் மூடிவிட்டார்கள். ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தவர், சும்மா உட்கார்ந்து சோறு தின்ன மாட்டேன் என்று புல்தரையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அப்பா அவரோடு நேராகப் பேசவே மாட்டார். மாமன் பக்கத்தில் நின்றாலும் அம்மாவைப் பார்த்து, "உன்ற தம்பிகிட்டத் தண்ணி உடச் சொல்லு" என்பார். எனக்கு மாமன் என்றால் உயிர். எந்த நேரத்தில் பையைத் தூக்குவாரோ என்று எனக்கு இருப்பே கொள்ளாது.

ஆடிக் காற்று ஆரம்பித்ததும் புல்லில் பழுப்புத் திட்டுகள் வந்தன. தண்ணீர் போதவில்லை என்றார் அப்பா. போர் தண்ணியில் உப்பு என்றாள் அம்மா. தெருநாய் செய்கிற வேலை என்றார் கம்பெனி வாட்ச்மேன். மாமன் எல்லார் பேச்சையும் கேட்டு, தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார், நாயையும் விரட்டினார். திட்டுகள் பெரிதாயின. போதாக்குறைக்கு மைனாக்கள் கூட்டமாக வந்து புல்லைக் கொத்திக் கிளறின. அவற்றை விரட்டுவது என் வேலை. கம்பெனியிலிருந்து காலி நூல் கோன்களைப் பொறுக்கி வந்து, ஒன்றையும் உட்காரவிடாமல் எறிந்துகொண்டே இருப்பேன்.

இந்த நேரத்தில் பெரிய ஏஜெண்டு ஒருவர் வருவதாகச் சேதி வந்தது. வீடே பதறியது. மாமன் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். நல்ல புல் ஒன்றைப் பிடுங்கி பட்டறையில் நிறம் ஒத்துப்பார்க்கும் ஷேடு கார்டோடு ஒட்டவைத்துப் பார்த்து, பச்சைச் சாயத்தைக் கலக்கி, கைப்பம்பில் அடித்துவிட்டார். தெருவிலிருந்து பார்த்தால் அசல் புல் தோற்றுவிடும். அம்மாவே வாயைப் பிளந்து நின்றாள்.

வந்த ஏஜெண்டு வெள்ளைப் பேண்ட் போட்டிருந்தார். போன் பேசியபடியே ஈரப் புல்லில் முன்னும் பின்னும் நடந்தார். பேசி முடித்துக் குனிந்து பார்த்தவர், அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, உங்க துணியிலயும் சாயம் இப்படித்தான் போகுங்களா?"

கம்பெனிக்குள் போன அப்பா அன்றைக்குச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. மாமன் இனி இருக்க மாட்டார் என்று நான் அம்மாவிடம் ஓடினேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "புல்லு பொழைச்சாத்தான் உன்ற மாமன் இந்த ஊட்டுல தல நிமுந்து இருக்க முடியும், கண்ணு" என்றாள். அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

மாமனோ வெளியே போய், வந்த ஆத்திரத்தில் ஒரு பழுப்புத் திட்டைப் பிடித்து இழுத்தார். பாயைச் சுருட்டுவதுபோலக் கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை. அடியில் வெள்ளை வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, சுருண்டு கிடந்தன புழுக்கள்.

"அட கெரகமே, இதத் திங்க வந்த மைனாவையா நாம தொரத்துனோம்" என்றார் மாமன்.

புழுக்களை ஒரு பாட்டிலில் போட்டுக்கொண்டு பல்லடம் உரக்கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் பாட்டிலைப் பார்த்ததுமே, "வேர்ப்புழுங்க. மக்காத சாணியோட வந்திருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம், "எங்கிருந்து வந்துச்சாம்?" என்றார். மாமனும் அம்மாவைப் பார்த்தே, "கடைக்காரருக்கே தெரியலையாமுங்க, அக்கா" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமன் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

செத்த புல்லை உரித்தெடுத்தோம். மண்ணைக் கொத்திப் புரட்டி, கண்ணில் பட்ட புழுவையெல்லாம் பொறுக்கினோம். மீதியை மைனாக்கள் பார்த்துக்கொண்டன. வேப்பம்புண்ணாக்கைத் தூளாக்கிப் போட்டு, புதுப் புல் நட்டோம். பல் தேய்க்கும் முன்னால் ஓடிப்போய் ஒரு பிடி இழுத்துப் பார்ப்பேன். பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போதும் இழுப்பேன். "நீ இழுக்கற இழுப்புலயே எல்லாம் வந்துரும்" என்று அம்மா திட்டுவாள். ஆனாலும் புல் வேர் பிடித்தது. எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமன் பையோடு வாசலில் நின்றார். "சோமனூர்ல தறி ஓட்ட ஆள் வேணுமாம், அக்கா. புல்லும் தேறிருச்சு. இனி இங்க எனக்கென்னங்க வேல?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. புல் பிழைத்தது அப்பாவுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் மாமனைப் போக விடமாட்டார் என்று தோன்றியது. கம்பெனிக்குள் ஓடி, அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு பக்கம் இழுத்தார். அதுவும் வரவில்லை. பிடித்த புல்லை விடாமல், "இன்னும் புழு இருக்குது" என்றார்.

"இல்லீங்கப்பா, வேர் புடிச்சிருச்சு, இங்க பாருங்க."

"நீ கம்முனு இரு." பிறகு மாமனை நேராகப் பார்த்தார். "இத இப்படியே உட்டுப்போட்டுப் போனா எப்புடி, மாப்ள? பைய உள்ள வைங்க."

மாமன் புல்லைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ஆமாங்க மச்சான். நானும் பாத்தேன். கொஞ்சம் இருக்கத்தானுங்க செய்யுது" என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு ரோல் துணியில் ஒற்றை ஊசி ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவர் அப்பா. புழுவைத் தன் கையாலேயே பொறுக்கியவர் மாமன். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கண் அவிந்துவிட்டதா? அன்று சாயங்காலம் வரை குச்சியால் கிளறிக் கிளறித் தேடினேன். ஒரு புழுகூட இல்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். வாசற்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்:

"நல்லாத் தேடு, கண்ணு."