புடலை காய்க்கட்டும்

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு தை மாதக் கடைசியில். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. செங்கல்பட்டிலிருந்து ரயிலில் மாம்பலம் வந்து இறங்கி, ஒரு தகரப் பெட்டியோடு தனியாகவே நடந்து வந்துவிட்டாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி நான்கு வருடத்தில் மாமா இல்லாமல் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"பத்து நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன், அண்ணி" என்றாள் அம்மாவிடம்.

அம்மா பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். பத்து நாள் துணிக்கு அது ரொம்பவே கனமாக இருந்திருக்க வேண்டும். அப்படியே உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லியும் உடைந்த செங்கல்லும் சுண்ணாம்புக் கட்டியும் அங்கேதான் குவிந்திருந்தன. வந்த மூன்றாம் நாள் அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் இறங்கினாள். பாரம் எல்லாம் வலது கைக்குத்தான்; இடது கையால் எதையும் தூக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "வழுக்கி விழுந்துட்டேன்டி" என்றாள். நானும் கூடையில் கல் பொறுக்கினேன். நான்கு நாள் பொறுக்கியும் கல் குறையவில்லை.

எரு கொண்டுவந்த பால்காரர் இடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, மண்ணையே காணோம், வெறும் கல்லாத்தான் கீது. இதுல இன்னா மொளைக்கும்?"

"நீங்க கொட்டிட்டுப் போங்க. மொளைக்குதா இல்லையான்னு அடுத்த மாசம் வந்து பாருங்க" என்றாள் அத்தை.

அந்த மண்ணை அவள் சலித்த விதத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். முறுக்குக்கு மாவு சலிப்பதுபோல, பழைய சல்லடையில் கூடை கூடையாகச் சலித்தாள். எருவும் அடுப்புச் சாம்பலும் கலந்து பாத்தி கட்டினாள். கத்தரி, மிளகாய் விதைகளை உடைந்த மரப்பெட்டியில் தூவி, பால்பவுடர் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுப் பூவாளி செய்து தண்ணீர் தெளித்தாள். புடலை விதையை ஊறவைத்து ஈரத் துணியில் முடிந்து அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்தாள். சில நாள் கழித்துத் துணியைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். ஒவ்வொரு விதையின் நுனியிலும் வெள்ளையாக ஒரு முள் எட்டிப் பார்த்தது. அத்தையால் ஆகாத காரியமே இல்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

கீரை விதையை எறும்புகள் வரிசைகட்டி இழுத்துக்கொண்டு போனபோதும் அவள் பதறவில்லை. பாத்தியைச் சுற்றி ஒரு பிடி நொய்யைத் தூவினாள். "அதுக்கும் சாப்பிடணும் இல்ல? இதைத் தின்னுட்டுப் போகட்டும்." எறும்புகள் நொய்யோடு போயின. விதை நின்றது.

பத்து நாள் முடிந்ததும் அப்பா கேட்டார். "எப்பம்மா கிளம்பற? மாப்பிள்ளைக்கு லெட்டர் போடணும்."

"கீரை மொளைச்சிருக்குண்ணா. ஒரு தடவை பறிச்சுக் குடுத்துட்டுப் போறேன்."

அப்பாவுக்குக் கீரை என்றால் உயிர். லெட்டரைத் தள்ளிப்போட்டார். கீரை பறித்தபோது வெண்டை பூத்திருந்தது. வெண்டை முற்றும்போது புடலைக் கொடி பந்தலில் ஏறியிருந்தது. அப்பாவுக்கு அத்தை சொல்லும் பதிலில் காயின் பெயர் மட்டும் மாறியது. எங்கள் தெருவில் எங்கள் வீட்டுப் புடலங்காய் போகாத சமையலறை இல்லை. பால்காரரும் இரண்டு வாங்கிக்கொண்டு, "கை வெச்சா மொளைக்குது, இன்னா கையிம்மா அது!" என்றார்.

மாமா இரண்டு தடவை வந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வரும்போதெல்லாம் கிரீம் பிஸ்கட் வாங்கி வருவார், மெதுவாகப் பேசுவார். அத்தை மட்டும் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டாள். "புடலை காய்க்கட்டும்" என்று உள்ளிருந்தே குரல் வரும். மாமா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஆடி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாக வந்தார். நான் பிஸ்கட்டைப் பிரித்துக்கொண்டே, அவருக்கு நல்ல சேதி சொல்கிற பெருமையில் சொன்னேன்: "எல்லாம் காஞ்சு போச்சு மாமா. நேத்து பந்தலைக்கூடப் பிரிச்சிட்டோம். இனிமே அத்தை வரலாம்."

மாமா அப்பாவைப் பார்த்தார். "அப்புறம் என்ன? சாயங்கால ரயிலுக்கே கிளம்பிடலாமே."

அப்பா பின்வாசல் பக்கம் திரும்பினார். "பெட்டியை எடுத்து வைம்மா" என்றார்.

பின்வாசலில் விதைக்காகக் காய்ந்த வெண்டையை உரித்துக்கொண்டிருந்த அத்தையின் மடியிலிருந்து விதைகள் சிதறின. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நானும் பொறுக்கிக் கொடுத்தேன். என்னை அவள் திட்டவில்லை. திட்டுவதற்கு ஏதாவது இருப்பதாக எனக்கும் தெரியவில்லை.

அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வழியனுப்பப் பூவும் வெற்றிலையும் வாங்கப் போயிருப்பாள் என்று அப்பா நினைத்தார். இரண்டு மணி நேரம் கழித்து, வியர்த்து வழிய, குழந்தையை வைத்திருப்பதுபோல இடுப்பில் ஒரு தென்னங்கன்றோடு வந்து நின்றாள். சைதாப்பேட்டை வரை போயிருக்கிறாள். புடவையெல்லாம் மண். கூடத்தின் நடுவில், மாமாவின் காலடிக்குப் பக்கத்தில் அதை இறக்கி வைத்தாள்.

"இவ கையாலதான் இதை வெக்கப் போறேன். இவதான் தண்ணி ஊத்தணும். முதல் காய் பறிச்சதும் நானே கொண்டாந்து விடறேன்."

மாமா சிரித்தார். "அதுக்கு எத்தனை நாளாகும்?"

"நாளா? ஆறு வருஷம் ஆகும். எட்டும் ஆகலாம். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை."

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவர். மூன்று தடவை அளக்காமல் கத்தரிக்கோலை எடுக்கமாட்டார். கன்றைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அத்தையின் இடது கையைப் பார்த்தார். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கூடம் வரை கேட்டது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மாமா தனியாகத்தான் ரயிலுக்குப் போனார்.

எனக்கு அம்மாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. குழியருகே நின்று சண்டை போட்டேன். "வாழை வெச்சிருந்தா ஒரே வருஷத்துல தார் விடும். அத்தையும் சீக்கிரம் ஊருக்குப் போயிருக்கலாம். இதுகூடத் தெரியாதா உனக்கு?"

அப்பா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை சேற்றுக் கையோடு அப்படியே குழி ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கூடவே அம்மாவும். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் போலும் என்று நினைத்து, மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்டேன். வாழை ஒரு வருடம்தான் என்று அவரும் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே, நான் சொன்னதுதான் சரி என்று எல்லோருக்கும் அறிவித்தேன்.