சபையில் நான் ஆட்டிய தலை

கபிரியேலின் உப்பளத்தில் ஒரு பகுதி கைமாறிப் போனதற்கு நான்தான் காரணம். தெரியாமல் செய்த தவறு அல்ல. சட்டம் தெரிந்தே தலையாட்டினேன். வரித் தொழிலுக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மரக்காணத்தில் நான் வரி ஆலோசகன். சி.ஏ. முடிக்கவில்லை, இருந்தும் ஊருக்கு நான் ஆடிட்டர் சார். கபிரியேலுக்குப் பட்டா நிலத்தில் உப்பளமும், உப்பு அரைத்துப் பாக்கெட் போடும் ஷெட்டும் இருந்தன. எல்லாம் அவர் ஒருவர் பெயரில். பாங்க் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று, தொழிலை பிரைவேட் லிமிடெட் ஆக்கச் சொன்னேன்.

சொந்தத் தொழிலைக் கம்பெனிக்கு மாற்றுவதும் வரிச் சட்டத்தின் கண்ணில் ஒரு விற்பனைதான். சாலையோர நிலம் விலை ஏறியிருந்ததால் சொத்து விற்ற லாபத்துக்கான கேப்பிட்டல் கெயின் வரி பெரிதாக வந்திருக்கும். ஆனால் விலக்கு உண்டு. சொத்தும் கடனும் முழுதாகக் கம்பெனிக்குப் போக வேண்டும். பதிலுக்குப் பங்குகளைத் தவிர வேறெதுவும் வாங்கக் கூடாது. பங்குகளின் ஓட்டுரிமையில் பாதியாவது ஐந்து வருடம் அவரிடமே இருக்க வேண்டும். முதல் இரண்டையும் அவரிடம் சொன்னேன். மூன்றாவதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் அவர் மகள் ஸ்டெல்லாவுக்கு நிச்சயம். அந்த வீட்டில் ஒரு வழக்கம்: பெண்ணுக்குச் சீராக எந்த உப்புப் பாத்திகள் என்று நிச்சயத்தன்று சபையில் சொல்வார்கள். சொன்னால் மாற்ற மாட்டார்கள்.

"கம்பெனி மொதலாளி ஆயிட்டீங்க. பாத்தி இப்பவே சொல்வீங்களா, இல்ல மீட்டிங் போட்டுதான் சொல்வீங்களா?" என்றார் கிளியனூர் சம்பந்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்தியெல்லாம் கம்பெனி பேருக்குப் போயிடுச்சுங்க. பங்கா குடுத்துடறேன். முக்காவாசி ஸ்டெல்லாவுக்கு. ஷெட்ட அவதான பாத்துக்கறா" என்ற கபிரியேல் என் பக்கம் திரும்பினார். "இன்னா ஆடிட்டர் சார், பிரச்சன ஒன்னும் இல்லியே?"

வாசலுக்கு வெளியே உப்பளம் முழுக்க வெளிச்சம். பாத்தித் தண்ணீரில் வானம் இறங்கியிருந்தது. உப்பு வாரும் இரண்டு பேர் மேகத்தின் மேல் மெல்ல நடந்து போனார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி உங்க பேர்லயே இருக்கட்டும் என்று ஒரு வாக்கியம் போதும். சம்பந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தைக் கலைக்க மனம் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். பங்கு மாற்றும் பேப்பர்களையும் பிறகு நானே தயார் செய்தேன்.

வரி ரிட்டர்ன் போடும் காலம் வந்தபோது பங்கு கைமாறியதை மறைத்து எழுதக் கை வரவில்லை. பாத்திக்கே போய்க் கபிரியேலிடம் சொன்னேன்.

"ஸ்டெல்லா திருப்பிக் குடுத்துட்டா?" என்று கேட்டார்.

"ஆவாதுங்க. பாதிக்குக் கீழ போயிட்டா போனதுதான். அப்ப விட்ட வரிய இப்ப கம்பெனி கட்டணும். தப்பு என்னுது. திண்டிவனத்துல எனக்கு ஒரு மனை இருக்குது, வித்துத் தர்றேன்."

வரப்பில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் உப்புக் குவியல்கள் கானலில் மிதந்தன. எங்கள் இருவரைத் தவிர எதுவும் தரையில் இல்லாதது போல இருந்தது.

"உங்க மனைய வாங்கி நான் இன்னா சார் பண்றது? வச்சிக்குங்க." காலில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டுக் கேட்டார். "அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"நிச்சயத்துல கொழப்பம் வந்துடுமோன்னு..."

"இன்னா கொழப்பம்? சம்பந்தி கொஞ்ச நேரம் மூஞ்ச தூக்கி வச்சிருப்பாரு. பிரியாணி வந்ததும் சாப்ட்டிருப்பாரு."

கோபமாகச் சொல்லவில்லை.

அன்று விலக்குப் பெற்ற லாபத்தை முழுதாகக் காட்டி ரிட்டர்ன் போட்டேன். வரிக்காகச் சாலையோரப் பாத்திகளைக் கம்பெனி விற்றது. ஸ்டெல்லா கணக்கை வேறு ஆடிட்டரிடம் கொடுத்தாள். ஃபைல்களை நானே சுமந்துபோய், நடந்ததை அவரிடமும் சொன்னேன். பாத்திகளை வாங்கியவர்கள் வேலி போட்டுவிட்டார்கள். இந்த வருடமும் சீசனுக்குக் கபிரியேலின் ஆட்கள் உப்பங்கழியிலிருந்து தண்ணீர் விட்டார்கள். அது வேலிவரை வந்து நின்றது.