நிகில் காட்ட நினைத்த ஊர்

கமலாக்ஷிக்கு ஐம்பத்து நாலு வயது. கொச்சியில், சுள்ளிக்கல்லில் வீடு. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மிளகும் சுக்கும் புடைத்துப் பொட்டலம் கட்டும் வேலை, இருபத்திரண்டு வருஷமாக. புருஷன் போன பிறகு அந்த வேலையை வைத்துத்தான் மகன் நிகிலைப் படிக்க வைத்தாள். படித்தான், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தான், இருபத்தாறு வயதில் அங்கேயே ஒரு பைக் விபத்தில் போய்விட்டான்.

நாலு மாதம் கழித்து ஒரு பெண் போன் செய்தாள். "அம்மா, நான் ரஃபீனா. பாலக்காடு."

பெயர் தெரியும். நிகில் ஆசைப்பட்ட பெண். "அவளோட இந்த வாசலை மிதிக்காதே" என்று கமலாக்ஷிதான் சொல்லியிருந்தாள். அதன் பிறகு மகனோடு பேச்சு, சாப்பிட்டியா, உம், என்பதோடு நின்றது.

"ஒரே ஒரு நாள் அங்க வரணும்மா. நீங்களும் கூட வந்தா..."

மறுக்கக் கமலாக்ஷிக்குத் தைரியம் வரவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போனாள். ஒல்லியான பெண், தூங்காத கண்கள்.

"நிகில் ஒரு லிஸ்ட் அனுப்பியிருந்தான்மா. என்னைக் கூட்டிட்டு வந்து நடத்தியே ஊரைக் காட்டறதா. அடுத்த மாசம் எனக்கு நிக்காஹ். அப்புறம் வர முடியாது. அதான்."

முதலில் அரண்மனை. இத்தனை வருஷத்தில் கமலாக்ஷி உள்ளே போனதே இல்லை. சுவரெல்லாம் ராமாயணம். ரஃபீனா போனைப் பார்த்து வாசித்தாள். "எட்டாங்கிளாஸ்ல ஸ்கூலோட வந்தப்போ இங்கதான் வழி தப்பிப் போனேன். அழுதேன். அம்மாகிட்ட சொல்லலை."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே மோளே."

"பயந்துடுவீங்கன்னுதான்மா."

அடுத்து யூதர் தெருவில் பழைய தொழுகைக்கூடம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். தரையில் நீலப் பூ ஓடுகள். "ஒரே மாதிரி ரெண்டு கண்டுபிடிச்சா சாயா என் செலவு" என்று எழுதியிருந்தான். ரஃபீனா குனிந்து, ஓடு ஓடாகப் பார்த்துக்கொண்டே போனாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"கிடைக்கலைம்மா" என்றாள் கடைசியில்.

பஜார் தெருவுக்குள் நுழைந்ததும் அவள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நேரா போர்ட் கொச்சி போயிடலாம்மா."

"லிஸ்ட்ல மூணாவது என்ன?"

"வேண்டாம்மா."

கமலாக்ஷி கையை நீட்டினாள். ரஃபீனா தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். மலையாள எழுத்து, மகனுக்குத் தமிழ் எழுத வராது. எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

'அம்மாவின் கிட்டங்கி. எதிர்க்கடை ஓரமாக நிற்போம். வாசல் பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அம்மா. தூரத்தில் நின்று பார்த்தால் போதும். கை காட்டாதே. கோபம் தீரட்டும், பக்கத்தில் கூட்டிப் போகிறேன்.'

எதிர்க்கடை இருந்தது. கமலாக்ஷி அதன் ஓரமாகப் போய் நின்று பார்த்தாள். கிட்டங்கி வாசலில் அவள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. யாரோ அங்கே ஒரு சாக்கைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"அவன் இங்க வந்து நின்னிருக்கானா?"

ரஃபீனா போனைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"சொல்லு மோளே."

"ஓணத்துக்கு வந்தப்போ நின்னானாம், அம்மா. அரை மணி நேரம். நீங்க நிமிர்ந்து பார்க்கலையாம்."

"ஓணத்துக்கு லீவே கிடைக்கலைன்னு சொன்னானே..."

கமலாக்ஷி அப்படியே கடைப்படியில் உட்கார்ந்தாள். சுடுகாட்டில் வராத அழுகை அங்கே வந்தது. சுமைவண்டிக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். கிட்டங்கியிலிருந்து கூட வேலை செய்யும் பேச்சியம்மாள் ஓடி வந்து, "என்னாச்சு கமலாக்ஷி? யாரிது?" என்றாள்.

"என் பையன் கட்டிக்க இருந்த பொண்ணு" என்றாள் கமலாக்ஷி. அவன் உயிரோடிருந்தபோது ஒரு தடவைகூட அவள் வாயில் வராத சொல்.

போர்ட் கொச்சிக்கு அவர்கள் போகவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்து, சோறும் மோர்க்குழம்பும் போட்டாள். ரஃபீனா நாலு வாய்தான் சாப்பிட்டாள். பிறகு நிகிலின் அறை வாசலில் நின்றாள். கமலாக்ஷி அலமாரியிலிருந்து அவனுடைய சட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். ரஃபீனா அதை முகத்தோடு அழுத்திக்கொண்டாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கொண்டு போக முடியாதும்மா. வீட்ல கேப்பாங்க."

நாலு மணிப் படகில் அவளை ஏற்றிவிட்டாள்.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஃபீனாவின் எண்ணைக் கூப்பிட்டாள். நன்றாயிருக்கிறாளா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஓர் ஆண்குரல் எடுத்தது. "ஹலோ, ஆரா?"

பின்னால் ரஃபீனாவின் குரல் கேட்டது. யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ராங் நம்பர் மோனே" என்று சொல்லி வைத்துவிட்டாள் கமலாக்ஷி.