சபைத் தாளில் வந்த பெயர்

என் பெரியம்மா மகள் ஜமேரியா டில்லர்ட், மிசிசிப்பியில் எங்கள் ஊர்க் கல்லூரிக்காகச் சங்கிலிக் குண்டு எறிந்தவள். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நான்கு கிலோ இரும்பைக் கம்பியில் பிடித்து, வட்டத்துக்குள் நான்கு சுற்று சுற்றி விடுவாள். மற்ற நேரத்தில் அதே கைகளால் பெண்களுக்குச் சடை பின்னுவாள். ஒரு தலைக்கு ஆறு மணி நேரம் ஆகும். பெரியம்மா வீட்டுச் சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தால், வந்தவள் சாப்பிட்டு, தூங்கி, அழுது, சிரித்து, புது ஆளாக எழுந்து போவாள்.

நான் சொல்லப்போவது 2018 வசந்தகாலத்தில் நடந்தது. அது அவளுக்குக் கடைசி ஆண்டு. முந்தைய ஆண்டு மண்டலப் போட்டியில் நாற்பது சென்டிமீட்டரில் முதலிடத்தை விட்டிருந்தாள். அந்த நாற்பது சென்டிமீட்டரைச் சாப்பாட்டு மேசையில் அளந்து, அதில் கத்தியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். பெரியம்மா மேசைக்காகத் திட்டினாள். கோடு அப்படியே இருந்தது.

எங்கள் தேவாலயச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கையில் கொடுக்கும் அறிவிப்புத் தாளின் கடைசிப் பக்கத்தில், சபையார் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று போடுவார்கள். கேக் சுடுபவர், கார் பழுது பார்ப்பவர், வரிக் கணக்கு எழுதுபவர் என்று எல்லாரும் அதில் இருப்பார்கள். காசு வாங்குவதில்லை. ஆனால் வெறும் பெயரை மட்டும் போட்டால் அது அவமரியாதை. பெயரோடு ஒரு பெருமையும் சேர வேண்டும். ‘இரண்டு போர்களைக் கண்ட லூதர் சகோதரர் புல் வெட்டித் தருகிறார்’ என்றுதான் வரும். இதையெல்லாம் எழுதுகிறவர் சிஸ்டர் வெர்லீன். பதினொரு வருடமாக எழுதுகிறார். ஒருவரையும் மொட்டையாக விட்டதில்லை.

மார்ச் மாதம் ஜமேரியாவின் முறை வந்தது. பதக்கத்தோடும் கல்லூரியின் பச்சைச் சட்டையோடும் அவள் நிற்கும் படத்தைப் போட்டு, ‘மண்டலத்தின் இரண்டாவது வீராங்கனை, நம் ஜமேரியா, சனிக்கிழமைகளில் சடை பின்னுகிறாள்’ என்று எழுதி, கீழே தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டார்.

யாரோ அதைப் படம் பிடித்துக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. ஊரில் ஆளுக்கொரு சந்தேகம் இருக்கிறது.

கல்லூரியில் விதிகளைப் பார்ப்பதற்கென்றே ஓர் அலுவலர் இருந்தார், மிஸ்டர் கோக்கர். அவர் கூப்பிட்டபோது ஜமேரியாவோடு பெரியம்மாவும் நானும் போனோம். பெரியம்மா கோழித் தொழிற்சாலையில் வேலை முடிந்து, ரப்பர் பூட்ஸோடு நேராக வந்திருந்தாள். அந்த அறையின் தரைவிரிப்பைப் பார்த்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை.

மிஸ்டர் கோக்கர் கெட்டவர் இல்லை. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

“மிஸ் டில்லர்ட், நீங்க சடை பின்னலாம். காசும் வாங்கலாம். அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா விளையாட்டால கிடைச்ச பேரு, படம், பதக்கம், இத வச்சு வாடிக்கை பிடிக்கக் கூடாது. விதி அப்படி.”

“விளையாட்டால எனக்குப் பேரு கிடைக்கல சார். எங்கம்மா வச்சது.”

“இருபத்திமூணு மணி நேரம் வலி தாங்கி வச்சது,” என்றாள் பெரியம்மா.

அவர் சிரிக்காமல் ஒரு தாளை நகர்த்தி வைத்தார். தவறு செய்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுத வேண்டும். அந்த விளம்பரம் பார்த்து வந்தவர்களிடம் வாங்கிய பணத்தை ஏதாவது தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு போட்டிகளில் வெளியே உட்கார்ந்தால், மே மாத மண்டலப் போட்டியில் எறியலாம். கையெழுத்துப் போடாவிட்டால் பருவமே போய்விடும். அந்த ஆண்டுப் படிப்புதவியை மட்டும் தொடமாட்டார்கள்.

“தர்மமா?” என்றாள் பெரியம்மா. “போன மாசம் எங்க வீட்டுல கரண்ட்டு கட் ஆயிடுச்சு. அந்தத் தர்மத்த எங்க வீட்டு விலாசத்துக்கு அனுப்பலாமா?”

“அம்மா, இரு,” என்ற ஜமேரியா எழுந்து சுவரருகே போனாள். அங்கே அந்தப் பருவத்தின் போட்டி அட்டவணைச் சுவரொட்டி இருந்தது. அதில் முழு உயரத்துக்கு அவள்தான் குண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அடியில் ஊர் டயர் கடை ஒன்றின் பெரிய சின்னம் இருந்தது.

“இது யாரு சார்?”

“நீங்கதான்.”

“என் முழங்காலுக்குக் கீழ இருக்கிறது?”

“அது... ஆதரவு தர்ற கடை. விதிப்படி சின்னம் மட்டும் போடலாம்.”

“அவங்க கல்லூரிக்குக் காசு கொடுத்தாங்கல்ல?”

“கொடுத்தாங்க.”

“அப்ப என் படத்த வச்சு டயர் விக்கலாம். நான் சடை பின்னறதுக்கு மட்டும் ஆகாது.”

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வங்கி பச்சை, மருந்துக் கடை பச்சை, சாவு வீட்டுக்கு வண்டி அனுப்புகிறவன்கூட வண்டியில் பச்சைக் கோடு போட்டிருக்கிறான். ஊரே அந்த நிறத்தை விற்றுச் சாப்பிடுகிறது. அதைப் போட்டுக்கொண்டு வியர்வை சிந்துகிறவர்களுக்கு மட்டும்தான் விற்க உரிமை இல்லை.

மிஸ்டர் கோக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு விதியும் இல்லாம விட்டா என்ன ஆகும்னு யோசிங்க. பணக்காரங்க கத்தையோட வந்து, பதினெட்டு வயசுப் பசங்கள மாட்டு விலை பேசுவாங்க. விளம்பரம்னு பேரு இருக்கும், உள்ள லஞ்சம் இருக்கும். நான் பாத்திருக்கேன்.”

அது பொய்யில்லை. எங்களுக்கும் அப்படிப்பட்ட கதைகள் தெரியும்.

“விதி வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்?” என்றாள் ஜமேரியா. “வைங்க. யாரு என்ன கொடுத்தாங்கன்னு எல்லாரும் பாக்கற மாதிரி எழுதிப் போடச் சொல்லுங்க. செய்யாத வேலைக்குக் காசு கூடாதுன்னு சொல்லுங்க. சூதாட்டக் கம்பெனி கிட்ட வரக் கூடாதுன்னு சொல்லுங்க. சின்னப் பசங்க கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒரு வக்கீல் படிச்சுச் சொல்லணும், படிப்பு முடிஞ்ச அன்னிக்கு ஒப்பந்தமும் முடியணும். இதுக்கெல்லாம் நானே கை தூக்கறேன். ஆனா உங்க விதி எல்லாம், என் பேரு என்னோடது இல்லங்கிற இடத்துலேருந்துல்ல ஆரம்பிக்குது?”

“விதிய நான் எழுதலம்மா,” என்றார் அவர்.

“நானும் எழுதல. மாட்டிக்கிட்டது மட்டும் நான்.”

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். யோசிக்கப் பத்து நாள் கொடுத்திருந்தார்கள்.

அவள் அன்றே முடிவு செய்துவிட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சிஸ்டர் வெர்லீன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பத்தோடு வந்து வாசலிலேயே அழுதார்.

“என்னாலதான்டி கண்ணு. உன் பேரோட நிறுத்தியிருக்கலாம். என் கை சும்மா இருக்கமாட்டேங்குது.”

“நீங்க எழுதுனதுல பொய் இருக்கா, சிஸ்டர்?”

“சபைத் தாள்ல பொய் எழுதுவனா?”

“அப்புறம் எதுக்கு அழறீங்க? அப்பத்த உள்ள கொண்டாங்க, ஆறிடப் போகுது.”

ஒன்பதாம் நாள், ஒரு தலையைப் பாதி பின்னியிருக்கும்போது, கையைக் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். கத்திக் கோட்டின் மேல்தான் தாள் கிடந்தது. எனக்கு அவள் போட்டுவிடுவாள் என்றே தோன்றியது. போட்டால் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன். நான்கு வருடம் விடியுமுன் எழுந்தவள் அவள், நான் இல்லை.

முதல் வரியைச் சத்தமாகப் படித்தாள். “‘என் பெயரை நான் தவறாகப் பயன்படுத்தினேன்.’”

பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவள் திரும்பி, “என்னது? உன் பேர வேற எப்படிடி பயன்படுத்துவாங்க?” என்று கேட்டாள்.

ஜமேரியா பேனாவை மூடி வைத்துவிட்டு, மீதித் தலையைப் பின்னப் போனாள்.

அணியிலிருந்து அவள் பெயரை நீக்கினார்கள். சுவரொட்டி மட்டும் எல்லா இடத்திலும் அப்படியே தொங்கியது.

ஆனால் தடகளத்தில் ஒன்று உண்டு. பொதுப் போட்டி என்று நடத்தினால், எந்த அணியிலும் இல்லாதவரும் தன் கைக்காசைக் கட்டி இறங்கலாம். ஏப்ரல் கடைசியில் எங்கள் கல்லூரி மைதானத்திலேயே அப்படி ஒன்று நடந்தது. ஜமேரியா பெயர் கொடுத்தாள். பச்சைச் சட்டை போட முடியாது. சபைப் பெண்கள் ஊதாச் சட்டை ஒன்றில் ‘ஜமேரியா சடை பின்னுகிறாள்’ என்று அச்சடித்து, முதுகில் தொலைபேசி எண்ணையும் போட்டுக் கொடுத்தார்கள். எண்ணைப் பெரிதாகப் போடச் சொன்னது சிஸ்டர் வெர்லீன்.

ஒலிபெருக்கியில் ஒவ்வொருவரின் பெயரும் கல்லூரியும் வாசிக்கப்பட்டன. அவள் முறை வந்தபோது குரல் தயங்கியது. “ஜமேரியா டில்லர்ட். அணி இல்லை. தனி ஆள்.”

“தனி ஆளா?” கம்பி வலைக்குப் பின்னாலிருந்து சிஸ்டர் வெர்லீன் கத்தினார். “பதினாலு பேரு வெயில்ல உக்காந்திருக்கோம், கண்ணு தெரியலையா உனக்கு?”

நடுவர்கூடச் சிரித்துவிட்டார்.

முதல் எறி வலையில் மோதியது. இரண்டாவது எறியில் கால் வட்டத்துக்கு வெளியே போனது. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இத்தனை பேச்சுக்குப் பிறகு மூன்றாவதும் போனால், சிரிக்க ஆள் காத்திருந்தார்கள். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவதில் நான்கு சுற்று. கம்பி கையைவிட்டுப் போன சத்தம் எங்களுக்குக் கேட்டது. குண்டு கடைசிக் கொடியைத் தாண்டிப் புல்லில் புதைந்தது. அறுபத்தொரு மீட்டர், பன்னிரண்டு சென்டிமீட்டர். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு தூரம் எறிந்ததில்லை. போன ஆண்டு மண்டலத்தில் முதலில் வந்தவளும் அவ்வளவு எறியவில்லை. கல்லூரியின் சாதனைப் பலகையில் அது ஏறாது. அளந்தவர் ஏட்டில் அவள் பெயருக்கு எதிரே எழுதினார், அவ்வளவுதான்.

கோச் ரெஸ்னிக் ஓடி வந்தார். அவளைக் கண்டுபிடித்து வளர்த்தவர் அவர்தான். கண் கலங்கியிருந்தது. மடித்த தாள் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

“கோக்கர்கிட்ட பேசிட்டேன் ஜமேரியா. இன்னிக்குப் போட்டா ரெண்டு போட்டி உக்காந்ததா கணக்கு வச்சுக்குவாங்க. மண்டலம் அடுத்த சனிக்கிழமை. இந்தத் தூரம் எறிஞ்சா உன்ன யாரும் தொட முடியாது. ஒரே ஒரு கையெழுத்து.”

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு வலைக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே நீளப் பாய்ச்சல் பெண்கள் மூன்று பேர், பச்சைச் சட்டையோடு, அவள் முதுகில் இருந்த எண்ணைத் தங்கள் போனில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த சனிக்கிழமை வர முடியாது கோச்,” என்றாள். “எனக்கு நாலு தலை இருக்கு.”

சொல்லிவிட்டு, புல்லில் புதைந்த குண்டை எடுத்துவர நடந்தாள்.