ஜஸ்பீர் யாரைப் பாடினார்

ஜஸ்பீர் கௌர் காலமான செய்தி எனக்கு ஒரு சுவரொட்டியாக வந்து சேர்ந்தது. காலைக் காபியோடு அமெரிக்காவில் எங்கள் ஃப்ரீமான்ட் நகரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். கறுப்புப் பின்னணி, இரு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் கைகூப்பிப் புன்னகைத்தவர் ஜஸ்பீர் அல்லர். இங்கே வீடு வாங்கி விற்றுக்கொடுப்பவரும் நகரசபைத் தேர்தலில் நிற்பவருமான ஒரு தமிழ்ப் பிரமுகர். ஜஸ்பீர் கீழ் மூலையில், தபால்தலை அளவில் இருந்தார். பிரமுகரின் கைப்பேசி எண் ஜஸ்பீரின் முகத்தைவிடப் பெரியதாக இருந்தது.

உடனே குர்மீத்தை அழைத்தேன். ஜஸ்பீரின் கணவர். அவர் இன்னும் மருத்துவமனை வாசலைக்கூடத் தாண்டவில்லை. மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குழுவில் கும்பிடு பொம்மைகள் குவிந்தன. அவற்றின் நடுவே ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்த காபி கசந்தது. தொட்டியில் துப்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜஸ்பீர் சென்னையில் பிறந்து வளர்ந்த சீக்கியர். அவருடைய தந்தை புதுப்பேட்டைப் பக்கம் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். சான் ரமோனில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகம், போக வர ஒரே கார். வேலையில் சேர்ந்த முதல் வாரம், உணவறையில் என் டப்பாவை எட்டிப் பார்த்து, “வத்தக்குழம்பா? ஒரு ஸ்பூன் தள்ளுப்பா” என்று கேட்டவரைத் திகைத்துப் பார்த்தேன். பஞ்சாபி முகத்திலிருந்து மாம்பலத்துத் தமிழ் வந்தது.

வார இறுதிகளில் குருத்வாராவில் அவர் ஆர்மோனியம் வாசித்துப் பாடுவார், குர்மீத் தபலா. 680 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊரும் நேரமெல்லாம் அவருக்குப் பயிற்சி நேரம். அதிகமும் பாடியது சவையே என்னும் புகழ்ப்பாடல்களை. குருமார்களைப் போற்றிப் பாணர் குலத்துப் புலவர்கள் பாடியவை. அவர்களுடைய மறைநூலிலேயே இடம்பெற்றவை.

“இதுவும் புகழ்றதுதானே? ஜால்ராவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“ஜால்ரா தட்டுறவனுக்கு ஏதாவது வேணும், கவி. இவங்க ராஜா வீட்டு வாசல்ல பாடிப் பொழைச்ச பரம்பரை. எல்லாத்தையும் பார்த்துட்டு குருகிட்ட வந்தாங்க. அப்புறம் எதுவும் கேக்கல. ‘வாஹ்’னு வாயப் பொளந்து நின்னாங்க பாரு, அதான் பாட்டு” என்றார்.

சென்ற ஆண்டு அந்தப் பிரமுகர் மத நல்லிணக்க மாலை என்று ஒரு விழா நடத்தினார். தமிழ் பேசும் சீக்கியப் பெண்மணி என்பதில் அவருக்கு ஒரு கவர்ச்சி. நல்லிணக்கம் என்ற சொல்லை நம்பி ஜஸ்பீர் ஒப்புக்கொண்டார். தமிழில் பொருள் சொல்லிவிட்டு, கண்மூடி ஒரு சவையேயைப் பாடத் தொடங்கினார். வேண்டாத இடங்களில் கைதட்டல் எழுந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த திரையில் பிரமுகர் ரிப்பன் வெட்டினார், குழந்தையைத் தூக்கினார், மேயரோடு கைகுலுக்கினார். குருவைப் போற்றும் வரி ஒவ்வொன்றுக்கும் பிரமுகரின் முகம் ஒன்று வந்து போனது.

குர்மீத்தின் தபலாதான் முதலில் நின்றது. ஜஸ்பீர் கண் திறந்தார், திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இது குருவப் பாடின பாட்டுங்க. இந்தப் படத்துக்குப் பாடினது இல்ல. மன்னிச்சுக்கோங்க.”

ஆர்மோனியத்தை மூடிக்கொண்டு இறங்கினார். பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். “ரொம்பத்தான் சீன் போடுறாங்க” என்றது என் பின்வரிசை. நானும் எழுந்து ஜஸ்பீரோடும் குர்மீத்தோடும் வெளியேறினேன்.

அதைவிட அருவருப்பானது அடுத்த வாரம் நடந்தது. அவர் மறுத்த பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, பாட்டையும் படங்களையும் ஒட்டி, தேர்தல் விளம்பரமாக வெளியிட்டார்கள். ஜஸ்பீர் காரிலிருந்தே அந்த மனிதரை அழைத்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“தம்பி, அத எடுத்துடுங்க.”

“அக்கா, உங்களுக்கும் நல்ல எக்ஸ்போஷர்தானே? வியூஸ் பிச்சிக்கிட்டு போகுது!”

“குடுக்கறதுக்கு அது என் பாட்டு இல்ல தம்பி. எங்க வேதம்.”

“சரிங்க்கா, டீம்கிட்ட சொல்றேன்.”

சொல்லவில்லை. அந்தக் காணொளி குருத்வாராவை எட்டியது. குருவின் புகழை ஓட்டுக்கு விற்றதாக ஜஸ்பீரின் சொந்தச் சபையே அவரைக் கேட்டது. சபை முன் கைகூப்பி நின்று நடந்ததைச் சொன்னார். நானும் போய் அரைகுறை இந்தியில் சாட்சி சொன்னேன். விசாரித்து முடிக்கும்வரை மேடையில் அமர வேண்டாம் என்றார்கள். மாதக்கணக்கில் அவர் அங்கே சமையற்கூடத்தில் சப்பாத்தி உருட்டினார். “இதுவும் சேவைதானே” என்று என்னிடம் சிரித்தார். காரில் மட்டும் பாட்டு நின்றுபோயிற்று. வானொலியில் போக்குவரத்துச் செய்தி கேட்டபடி போனோம். அந்த விளம்பரத்தைப் போட்ட மனிதர்களோடுதான் பொங்கல் கொண்டாடுகிறோம்.

கடைசியில் சபை அவரை மறுபடி பாட அழைத்தது. பாடினார். வெளியே வந்ததும், “இப்ப சந்தோஷமா?” என்று கேட்டேன்.

“பழி போயிடுச்சு. ஆனா கண்ண மூடினா அந்த ஸ்க்ரீன் முதுகுல ஊறுது கவி. கம்பளிப்பூச்சி மாதிரி.”

அது தீர்வதற்கு அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. சுவரொட்டியில் அந்த மனிதர் போட்டிருந்த படத்தைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். அதே மேடை, அதே மூடிய கண்கள்.

வீட்டில் மறைநூலை முழுவதும் ஓதி முடித்து, குருத்வாராவில் இறுதிப் பிரார்த்தனை நடந்த நாளன்று பிரமுகர் வந்தார். காலணி வைக்கும் இடத்தில், தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டே என்னிடம், “மைக்ல ரெண்டு வார்த்தை பேசலாமாங்க? ஷீ வாஸ் லைக் மை சிஸ்டர்” என்றார். அருகில் நின்ற குர்மீத், இங்கே இறந்தவரைப் புகழ்ந்து பேசும் வழக்கம் இல்லை என்றும், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்படியும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையும் எனக்கு அன்று பிடிக்கவில்லை.

கூடத்தில், அம்மா அமரும் இடத்தில் மகள் சிம்ரன் அமர்ந்தாள். கல்லூரிக்குப் போகிறவள், இங்கேயே பிறந்தவள். நான் எத்தனை தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். அவள் ஆர்மோனியத்தின் துருத்தியில் கை வைத்ததும் பிரமுகர் முன்னால் நகர்ந்து கைப்பேசியை உயர்த்தினார், தன் முகமும் அவளும் ஒன்றாகத் தெரியும்படி.

சிம்ரன் கையை எடுத்தாள். கூடம் முழுவதும் கேட்கும்படி, அம்மாவின் அதே சென்னைத் தமிழில் சொன்னாள்.

“அங்கிள், போன உள்ள வைங்க. எங்கம்மா உங்களுக்காகப் பாடல. நானும் பாட மாட்டேன்.”

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் சிலர்தாம். ஆனால் புரியாதவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு பெரியவர் எழுந்து வந்து அவருக்கு வாசலைக் காட்டினார்.

என் அருவருப்பு தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சுவரொட்டி இப்போதும் குழுவில் கிடக்கிறது. நான்தான் குழுவை விட்டு வெளியே வந்தேன். ஆனால் அன்று, அவர் வெளியேறியதும், சிம்ரன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாடத் தொடங்கினாள். முதல் வரியில் குரல் உடைந்தது. குர்மீத் தபலாவில் தாளத்தை நிறுத்தாமல் அவளுக்காகக் காத்திருந்தார். அவள் வந்து சேர்ந்துகொண்டாள்.

சென்று வாருங்கள், ஜஸ்பீர்.