பால் குண்டானில் கொதித்த ஊசி

முதலில் எனக்குக் கோபம் வந்தது பால் குண்டானுக்காகத்தான். என் தம்பி அதில் ஊசியைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

மதகடிப்பட்டு ரைஸ் மில்லில் பெல்ட்டில் மாட்டி அவன் கை முறிந்தபோது, வலி தெரியாமலிருக்க ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கை கூடிவிட்டது, ஊசிதான் அவனை விடவில்லை. மருந்தை எங்கிருந்தோ வாங்கிவந்து தானே போட்டுக்கொள்வான். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் ஒதியம்பட்டில் சைக்கிளில் வரும் கம்பவுண்டர் ஒரே ஊசியால் தெருவுக்கே போடுவார். நாங்களும் வரிசையில் நின்று கையை நீட்டுவோம். தம்பியோ தனக்கென்று ஒரு கண்ணாடி சிரிஞ்சு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கொதிக்கவைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செய்யறது நாறப் பொழப்பு. இதுல சுத்தம் ஒரு கேடா?"

"வுட்டுடறேன்க்கா. கொஞ்ச நாளு குடு."

நான் கொடுக்கவில்லை. அவன் குளிக்கப் போனபோது சிரிஞ்சையும் ஊசியையும் துணியில் சுற்றி, குழவிக்கல்லால் நசுக்கி, ஆற்றங்கரையில் புதைத்தேன். குளித்துவிட்டு வந்தவன் காலிக் குண்டானைப் பார்த்தான், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். குண்டான் மறுபடி பாலுக்கு ஆனது. பீடை ஒழிந்தது என்று மாரியம்மனுக்குக் கூழ்கூட ஊற்றினேன்.

அடுத்த வருஷம் மஞ்சள் காமாலையோடு அவனை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்தே கிடையாது என்று ரேடியோவில் சொல்வார்களே, அந்தப் புது நோயின் கிருமி ரத்தத்தில் இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அது வெளிநாட்டுக்காரர்களுக்கு வருவது என்றல்லவா நினைத்திருந்தேன்?

"யாரோட ஊசிப்பா போட்டுக்கற?" என்று அவனிடம் கேட்டார்.

"மோட்டார் கொட்டாயில நாலு பேருக்கு ஒரே ஊசிம்மா. வாய்க்கா தண்ணியில அலசிப்போம். மின்ன எனக்குன்னு தனியா இருந்துச்சி, கொதிக்கவெச்சித்தான் போடுவேன்."

"அதையே வெச்சிருந்தா இது வந்திருக்காதே. அது என்ன ஆச்சு?"

படித்த டாக்டர் பேசுகிற பேச்சா இது? போதை ஊசியைக் கண்டால் எந்த அக்காதான் உடைக்காமல் இருப்பாள்? நான் உடைத்தது அவனைக் காப்பாற்றத்தானே? அப்படியானால் கம்பவுண்டரிடம் கை நீட்டிய நாங்கள்? இன்றுவரை இதை எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் எனக்குக் குழம்பித்தான் போகிறது.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி, என் பக்கம் திரும்பாமலே பதில் சொல்லிவிட்டான்.

"தொலைஞ்சி பூடுச்சிம்மா."