அண்ணன் பெயரில் என் சளி

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஓர் ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில், பலகை அடைத்த ஒரே அறையில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று வயது மகள், நான் என்று நாலு பேரும் குடியிருந்தோம்.

எனக்கு அப்போது தலைக்கனம் உண்டு. ஊரே பயப்படும் கிருமிகளை வகை பிரிப்பவள் அல்லவா! உருண்டையா, குச்சியா, சுருளா என்பது முதல் கேள்வி. உருண்டை என்றால் கொத்தாக நிற்கிறதா, சங்கிலியாகக் கோத்திருக்கிறதா என்பது அடுத்தது. பிறகு சாயம். ஊதாச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் இனம் ஒன்று, கழுவினால் விட்டுவிடும் இனம் ஒன்று. சுவரின் அமைப்பு வேறு என்பதால் அப்படி. அமீபாவுக்கு உள்ளே கரு உண்டு, இவற்றுக்குக் கிடையாது. வைரஸ் எங்கள் நுண்ணோக்கியில் அகப்படவே அகப்படாது. பஸ்ஸில் யாராவது இருமினால்கூட மனத்துக்குள் வகை பிரித்துப் பார்ப்பேன்.

இவற்றில் அழுத்தக்காரன் காசநோய்க் குச்சிதான். அதன் சுவரில் மெழுகு. சாதாரணமாகச் சாயம் உள்ளே இறங்காது. சிவப்புச் சாயத்தை ஊற்றி, கண்ணாடித் தகட்டின் அடியில் தீ காட்டி, ஆவி பறக்கவைத்தால் இறங்கும். இறங்கிவிட்டால் அமிலத்தை ஊற்றினாலும் போகாது. மற்றதெல்லாம் வெளுத்துவிடும். அதன்மேல் நீலம் ஏற்றிப் பார்த்தால் நீலத் தரையில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் கிடக்கும்.

அண்ணன் கப்பல் பட்டறையில் தற்காலிக வெல்டர். வேலை நிரந்தரமாகும் நேரத்தில் அவருடைய இருமலைக் கேட்ட கம்பெனி டாக்டர், எங்கள் ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வரச் சொல்லிவிட்டார். காசம் என்று வந்தால் வேலை போய்விடும்.

“நீ துப்பிக் குடு லா,” என்றார் அண்ணன். “உனக்கு என்ன இருக்கு? என் பேரப் போட்டுக் குடுத்துருவோம்.”

“அது தப்புண்ணே.”

“தப்புதான். வேலை போனா உங்க அண்ணியும் புள்ளையும் எங்க போவாங்க, சொல்லு?”

இப்படி மாற்றிக் கொடுப்பது அப்போது புதிதல்ல. கல்யாணத்துக்கு, வேலைக்கு என்று சொந்தக்காரர்களின் சளியைக் கொண்டுவந்து நீட்டியவர்கள் உண்டு. கூடத்தில் நாங்களே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். தினமும் கிருமியோடு குடித்தனம் நடத்தும் எனக்கு ஒன்றும் வராது என்று அண்ணன் நம்பினார். அவரைவிட நான் நம்பினேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.

மறுநாள் காலை பல் துலக்கும் முன் டப்பாவில் துப்பினேன். வெறும் எச்சில்தான் வரும், சளிக்காகப் பாடுபட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பாடே படாமல் கெட்டியாக வந்தது. எல்லாம் கூடத்து மருந்து நெடியால் என்று சொல்லிக்கொண்டு மூடியைத் திருகினேன். அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

டப்பா என் மேசைக்கே வந்தது. தகட்டில் பூசி, சாயம் ஏற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குனிந்தேன். ‘கிருமி இல்லை’ என்று எழுதப் பேனாவைக்கூடத் திறந்து வைத்திருந்தேன். நீலத்தில் ஒரு சிவப்புக் குச்சி. தகட்டை நகர்த்தினேன். இன்னும் இரண்டு, சற்றே வளைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக. பழைய தகட்டில் யாருடையதோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்று புதுத் தகடு எடுத்து முதலிலிருந்து செய்தேன். அமிலத்தைத் தாராளமாக ஊற்றினேன். எல்லாம் வெளுத்தது, அவை வெளுக்கவில்லை. அப்படியொரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

பொய் எழுதியிருக்கலாம். பேனாவைக் கையில் எடுக்கவும் செய்தேன். முடியவில்லை. தாளைக் காலியாக விட்டுவிட்டு, தலைவலி என்று அரை நாள் விடுப்புச் சொல்லி வீட்டுக்குப் போனேன்.

அண்ணனுக்கு அன்று சாயங்கால ஷிப்ட். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“இருக்குண்ணே,” என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. “காசமா? எனக்கா?”

“அது என் சளிதானே. எனக்குத்தான்.”

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதைப் பார்த்தேன். ஒரு நொடிதான். தன் இருமலை இன்னும் யாரும் சோதிக்கவே இல்லை என்பதுகூட அந்த நொடியில் அவருக்கு நினைவில்லை. அந்த நிம்மதியை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“இவ தெனமும் உன்னைக் கட்டிக்கிட்டுதானே தூங்குறா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி சோற்றுக் கையாலேயே குழந்தையின் முகத்தை மூடினாள்.